சுவரில் மாட்டிய சாரன்

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்ட ஒருவனாக உங்கள் முன் பேசுகிறேன்.

கொரோனாவின் முதல் ஆண்டு. ரமழானுக்குச் சில வாரங்கள் இருந்தன. மலேசியாவில் பல்கலைக்கழக விடுதி அறையில் அடைபட்டிருந்தேன். பக்கத்து அறையில் இத்ரீஸ், சூடான்காரர். காலையில் சுவரைத் தட்டி ஸலாம் சொல்வார், நானும் தட்டுவேன். ஒருநாள் வெள்ளை அங்கிக்காரர்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. ஐந்து வேளையும் அதிலிருந்து பாங்கு ஒலித்தது. நான்காம் நாள் அவர் மௌத்தாகிவிட்டார், உயிர் போய்விட்டது என்று செய்தி வந்தது. அறையைத் துப்புரவாக்கியவர்கள் போனையும் எடுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகும் எனக்குப் பாங்கு கேட்டது. வேளை கெட்ட வேளையிலெல்லாம் கேட்டது. நான் இடுப்பில் உடுக்க உம்மா நெய்து தந்த சாரனை அந்தச் சுவரில் மாட்டினேன், சத்தம் குறையட்டும் என்று. குறையவில்லை. தொழுகையை விட்டேன். இலங்கையில் எங்கள் ஊரான மருதமுனையிலிருந்து உம்மா போனில் கோல் எடுத்தால், "அல்ஹம்துலில்லாஹ், சுகம்" என்பேன். நம் ஊரில் அதற்கு மேல் யார் கேட்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் ஜின் பிடித்தவன் என்று பேர் வந்துவிடும், தங்கச்சியின் கலியாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். ஒரு பகல் தரையில் விழுந்து அழுதேன். "யா அல்லாஹ், என்னால் சொல்ல முடியவில்லை. நான் சொல்லாமலே யாருக்காவது காட்டிக்கொடு." இவ்வளவுதான் என் துஆ.

அன்று பின்னேரம், அஸர் தொழுகை நேரம் உம்மா வீடியோவில் வந்தார். வழக்கம்போலச் சுகமென்றேன். உம்மாவின் கண் எனக்குப் பின்னால் போனது. தான் நெய்த துணி அவருக்குத் தெரியாதா?

"என்ன மனே, உடுக்கிற சாரனச் செவத்துல மாட்டி வெச்சிருக்காய்?"

உடைந்துபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஓதிக் குடிக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"மௌத்தான அந்தப் புள்ளைக்கி ஜனாஸா தொழுதியா?"

"இல்ல உம்மா. வெளிய போக ஏலா."

"தூரத்துல இருந்தும் தொழலாமே மனே. சாரனக் கழட்டிக் கீழ விரி. போன வெக்காத, நான் இஞ்சதான் இரிக்கன்."

தொழுதேன். "அல்லாஹு அக்பர்" என்று நான் சொன்ன நான்கு தக்பீருக்கும் உம்மா விசும்புவது போனில் கேட்டது.

மறுநாள் உம்மா பிடிவாதமாக நின்றதால் பல்கலைக்கழக மனநல டாக்டரிடம் பேசினேன். மருந்தும் எடுத்தேன். அதுவும் அல்லாஹ் தந்ததுதான். சத்தம் குறைய மாதங்கள் ஆயின.

இப்போது ஊரில் இருக்கிறேன். தங்கச்சிக்கும் கலியாணமாகிவிட்டது. இன்றும் சில நாள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லாத நேரத்தில் எனக்கு மட்டும் கேட்கும். கை தானாகச் சுவரைத் தேடும். இத்ரீஸுக்காக ஒரு துஆ கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

வாயில் வார்த்தை வராவிட்டாலும் அல்லாஹ்விடம் கேளுங்கள். வெளிநாட்டில் பிள்ளை படிக்கிறதென்றால், அது "அல்ஹம்துலில்லாஹ்" என்றதும் போனை வைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சுவரையும் கொஞ்சம் பாருங்கள்.