பத்தொன்பது அவுன்ஸ் டோமஹாக்கும் என் தங்கை லவானும்

என் தங்கை லவான் ப்ரெக்கி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பிறந்தபோது அவள் எடை மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஒரு வாரம் தாங்காது என்று டாக்டர் சொன்னார். அந்த டாக்டரின் நல்லடக்கத்துக்கு அவள்தான் ஆப்பிள் பலகாரம் சுட்டு எடுத்துப் போனாள். பதினான்கு வயதில் வைக்கோல் கட்டும் இயந்திரம் அவள் வலது கையிலிருந்து சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. அடுத்த கோடையில், மாவட்டச் சந்தையின் முள்வேலி கட்டும் போட்டியில், பத்து விரல் உள்ள பதினொரு பேரைத் தோற்கடித்தாள். எங்கள் பக்கத்தில் மூஸ் என்ற ராட்சத மானை வேட்டையாடும் அனுமதி ஆண்டுக்கு நான்கே பேருக்குத்தான் குலுக்கலில் விழும். அவள் முதல் தடவை பெயர் போட்டபோதே விழுந்தது. நான் இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, 2013-ல், வாய்க்கால் சங்கத்தை வென்றாள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வாய்க்கால் ஆஷ் ஓடையில் தொடங்கி மலையடிவாரத்தை ஒட்டிப் பதினொரு மைல் போகிறது. நாற்பத்தொரு பண்ணைகள் அதில் தண்ணீர் எடுக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தினமும் ஒருவர் கரையோடு நடந்து, அவரவர் முறைப்படி மதகுகளைத் திறந்து மூட வேண்டும். மடைப் பலகைகளில் சிக்கிய கிளைகளையும் அணை கட்டும் பீவர் விலங்குகள் கொண்டுவந்து அடைத்த சேற்றையும் எடுத்துப் போட வேண்டும். 1989 முதல் அந்த வேலை என்னுடையது. 2006-ல் என் இடது முழங்கால் போயிற்று. அன்றிலிருந்து நடந்தவள் லவான்.

மேல் மதகின் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் நோட்டு இருக்கும். தேதி, நீர்மட்டம், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். நீர்மட்டத்தை அவள் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை நோட்டை என் சமையலறை மேசைக்குக் கொண்டுவருவாள். ஏழு நாளுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். ஏழு கோடையும் இப்படித்தான் போயின. பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

2013 ஏப்ரல் கூட்டத்தில் நான் எழுந்து, "நான் விலகிக்கிறேன், லவான் பேரை எழுதிக்குங்க" என்றேன். சங்கத் தலைவர் எல்ராய் ஸ்டாடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எழுபது வயது. வாய்க்காலில் அவருடையது ஆறாவது மதகு.

என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "ஆர்விட், போன அக்டோபர்ல மேல் மதகுகிட்ட மலைச்சிங்கம் ரெண்டு ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சு. தெரியும்ல?"

"அதுல ஒண்ணு என் ஆடு, எல்ராய்," என்றாள் லவான். பூமாவைத்தான் எங்கள் பக்கம் மலைச்சிங்கம் என்போம்.

"அதான் சொல்றேன். தனியா நடக்கிற ஆள் இடுப்புல கைத்துப்பாக்கி இருக்கணும். உனக்குச் சம்மதம்னா சரி. இல்லன்னா பக்கத்து ஊர்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனை வச்சுக்கலாம்."

"ஏழு வருஷமா நான்தானே நடக்கறேன்? அந்தச் சிங்கம் என்னைப் பார்த்து ஆர்விட்னு நெனச்சு விட்டுடுச்சோ?"

கூடம் சிரித்தது. எல்ராய் சிரிக்கவில்லை. லவானும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"எனக்குச் சுடத் தெரியும். அது பிரச்சினை இல்ல. நான் போறது அடுத்தவன் மதகை மூட. ஜூலை மாசம், பயிர் காயுது, அவன் கடுப்புல நிக்கறான். நான் இடுப்புல துப்பாக்கியோட போய் அவன் தண்ணிய நிறுத்தினா, அவனும் வீட்டுக்குள்ள போய் ஒண்ணை எடுத்துட்டு வருவான். அப்புறம் அது வெறும் தண்ணிச் சண்டையா இருக்காது."

அங்கே இருந்த ஒவ்வொருவரும் என்றாவது ஒரு ஜூலையில் கடுப்பில் நின்றவர்தான்.

"வெறுங்கையோட விட முடியாது. அப்போ எதைத்தான் எடுத்துட்டுப் போவ?" என்றார் எல்ராய்.

"மதகு வேலைக்கும் ஆகணும், உயிருக்கும் ஆகணும். தேடிப் பார்க்கறேன்."

மே 20 கூட்டம் வரை தவணை கொடுத்தார்கள். அன்று அவள் தேடிப் பிடித்ததைக் கொண்டுவந்து, நாள் முழுக்க உடம்பில் வைத்திருக்க முடியும், ஆபத்தில் உதவும் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை பக்கத்து ஊர்க்காரனுக்கு. அதுவரை நோட்டில் என் கையெழுத்தே தொடரும்.

முதல் டோமஹாக்கை, அதாவது ஒரு கையில் பிடிக்கும் சிறு போர்க்கோடரியை, வாங்கியவன் நான். ஹாமில்டன் ஆயுதச் சந்தையில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கறுப்பு எஃகு, பதினாறு அங்குலம், முப்பத்திரண்டு அவுன்ஸ். முன்னால் வெட்டும் வாய், பின்னால் கழுகு மூக்குபோல நீண்ட முள். கரடியே பார்த்தால் வழிவிடும் என்று நினைத்தேன்.

"இதைக் கட்டிக்கிட்டு நான் யாரோட போருக்குப் போறேன்?" என்றாள்.

"போட்டுத்தான் பாரேன், பட்டாணி." குழந்தையில் அவள் இருந்த அளவுக்கு நான் வைத்த பெயர் அது.

இரண்டு நாள் போட்டுப் பார்த்தாள். முதல் நாள் முள்வேலிக்குள் குனிந்து நுழைந்தபோது அந்த முள் கம்பியில் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு நிமிஷம் வேலியில் தொங்கினாள். இரண்டாம் நாள் வேறொன்று தெரிந்தது. தண்ணீரில் இறங்க அவள் தொடைவரை ரப்பர் பூட்ஸ் போடுவாள். அதன் வார் இரண்டு பக்கமும் இடுப்புப் பெல்ட்டில் மாட்டும். உறை தொங்குவதும் அதே இடம்தான். உறையின் பொத்தான் சரியாக வாரின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவள் தண்ணீரில் நிற்க, நான் கடிகாரத்தைப் பிடித்தேன். உருவ முப்பத்தோரு விநாடி ஆயிற்று.

"அதுக்குள்ள சிங்கம் என்னைத் தின்னுட்டுப் பல்லு குத்திட்டு இருக்கும்," என்றாள்.

இருபத்துநான்கு வருஷமாக அந்த பூட்ஸைப் பார்த்தவன் நான், பதினேழு வருஷம் நானே போட்டவன். எனக்கு அது தோன்றாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

இரண்டாவதை அவளே தபாலில் வரவழைத்தாள். ஒன்பது அவுன்ஸ், சட்டைப் பைக்குள் போகும். பிடி வெறும் தட்டைத் தகடு. மூன்று விரலில் அது நிற்கவில்லை. விறகில் போட்டால் கைக்குள்ளேயே திரும்பித் தட்டைப் பக்கத்தால் அடித்தது. இருபது முறை அடித்ததில் ஏழு மட்டுமே நேராக விழுந்ததாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் முறை இருவருமாகச் சந்தைக்குப் போனோம். டுவெய்ன் என்ற தாடிக்காரரின் மேசையில் பதினொரு டோமஹாக்குகள் வரிசையாக இருந்தன. லவான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடியைத் தொட்டு எடுத்தாள்.

"என்ன பண்றாங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"கூர் எந்தப் பக்கம் இருக்குன்னு பிடி சொல்லுதான்னு பார்க்கறேன்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "அவசரத்துல குனிஞ்சு பார்த்துட்டு நிக்க முடியாதே."

நான்கு பிடிகள் மட்டும் சொல்லின. அவை உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தன. மற்ற ஏழையும் ஓரமாகத் தள்ளினாள். டுவெய்ன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஆர்வம் பிடித்துவிட்டது.

"இது எறியறதுக்கும் நல்லா இருக்கும்," என்று ஒன்றை நீட்டினார்.

"எறிஞ்சிட்டு? வெறுங்கையோட நிக்கவா?"

"அது சரி. சுத்தியல் முதுகு உள்ளதை ஏம்மா எடுக்கறீங்க? முள் இருக்கிறதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. குத்தினா உள்ள போகும்."

"உள்ள போனது வெளிய வரணுமே. என் பலகை தண்ணில ஊறி இறுகிப் போயிருக்கும். அதைத் தட்டணும். வாய்க்குக் கீழ இந்த வளைவு இருக்கே, இதால பலகையைக் கொக்கி போட்டுத் தூக்கலாம். ஒரே சாமான்ல ரெண்டு வேலை."

"அப்போ தற்காப்பு?"

"அது மூணாவது வேலை. மத்த ரெண்டும் தினமும் வரும்ல."

கடைசியில் அவள் எடுத்தது மொத்தம் பன்னிரண்டு அங்குலம், பத்தொன்பது அவுன்ஸ், சுத்தியல் முதுகு. வீட்டுக்கு வந்து பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். ஈரக்கையிலும் நழுவவில்லை. உறையை இடுப்பிலிருந்து எடுத்து, குறுக்கு வாரில் நெஞ்சின்மேல் தைத்தாள். கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளினால் பிடி கைக்குள் வந்து விழும். முதல் நாள் ஆறு விநாடி, நான்காம் நாள் மூன்று. கையுறையோடு, தொடைவரை தண்ணீரில் நின்று, ஒன்றேமுக்கால் விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

ஆனாலும் எனக்குக் கவலை இருந்தது. தண்ணீரில் நின்று உருவுவதைக் கூட்டத்தில் காட்டலாம். அது ஆபத்தில் உதவும் என்று எதை வைத்துக் காட்டுவது? எல்ராய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சிங்கத்தோட கோடரிச் சண்டையா?" என்று கேட்பார். கூடம் சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே வேலை போய்விடும்.

கூட்டத்துக்குப் பதினொரு நாள் முன்பு, காலை ஆறு நாற்பதுக்கு, லவான் மேல் மதகில் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பின்கழுத்தில் ஏதோ ஊர்வது போல இருந்ததாம். திரும்பினாள். கரைக்கு மேலே, முப்பதடி தூரத்தில், மலைச்சிங்கம் காதை மடக்கிப் படுத்திருந்தது. வால் நுனி மட்டும் ஆடியது. தூரத்தை நான் பின்னால் நாடா வைத்து அளந்தேன். முப்பத்து மூன்று அடி.

ஓடக்கூடாது, குனியக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது. அவள் அதைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து மதகு மேடைமேல் ஏறினாள். டோமஹாக் ஏற்கனவே கையில் இருந்தது, எப்போது உருவினாள் என்பது நினைவில்லை. வெட்டுகிற தூரத்துக்கு அது வந்தால் ஏற்கனவே தாமதம் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருந்ததைத் திருப்பி, சுத்தியல் முதுகால் மதகின் இரும்புச் சக்கரத்தை ஓங்கி அடித்தாள். தேவாலய மணி விழுந்தது போலப் பள்ளத்தாக்கே அதிர்ந்ததாம்.

சிங்கம் எழுந்து நின்றது. போகவில்லை.

கத்த வேண்டும் என்று தெரிகிறது, என்ன கத்துவது என்று தெரியவில்லை. வாயில் வந்தது அந்த வாரத்துத் தண்ணீர் முறைதான், எந்தப் பண்ணைக்கு எப்போது என்று. சக்கரத்தை அடித்து அடித்துக் கத்தினாள். "திங்கள் காலை லிண்ட்க்விஸ்ட்! திங்கள் மதியம் மிஸ்டர் ஓர்! புதன் காலை எல்ராய் ஸ்டாடம்! ஸ்டாடம்! ஆறு மணி நேரம்! ஸ்டாடம்!"

ஸ்டாடம் என்று கத்திய மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, சிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைன் மரங்களுக்குள் நடந்து போய்விட்டது. அவள் இன்னும் இருபது அடி அடித்தாள்.

அரை மைல் கீழே வைக்கோல் வயலில் இருந்த எல்ராய், தன் நாலு சக்கர வண்டியில் தூசி கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டி நிற்கும் முன்பே கத்தினார்:

"சரி சரி, கேக்குது! ஊருக்கே மணியடிக்கணுமா? நேத்து நீ மூடினப்புறம் அரை மணி நேரம்தான் கூட விட்டேன்! மூடத்தான் போனேன், மறந்துட்டேன்!"

லவான் மூச்சு வாங்கியபடி அவரைப் பார்த்தாள். "நான் உங்ககிட்டப் பேசல, தலைவரே."

"பின்ன என் பேரைச் சொல்லி யாருகிட்ட கத்தின?"

அவள் டோமஹாக்கால் கரையைக் காட்டினாள். ஈரச் சேற்றில் காபித் தட்டு அகலத்தில் கால்தடங்கள், நகம் பதியாமல், சுத்தமாக. எல்ராய் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். அப்புறம் பைன் மரங்களைப் பார்த்தார். அப்புறம் இரும்புச் சக்கரத்தில் பெயிண்ட் உதிர்ந்த இடங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"இதாலயா?"

"இதோட முதுகால."

வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையில் எடை பார்த்தார், சக்கரத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிக் கேட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"துப்பாக்கின்னா இந்நேரம் சுட்டிருப்ப."

"தண்ணில நின்னுட்டு, பயந்த கையால. எங்க பட்டிருக்குமோ. நீங்க வேற கீழ வயல்ல இருந்தீங்க."

எல்ராய் தொண்டையைச் செருமினார். "அந்த அரை மணி நேரம்..."

"அடுத்த புதன் அரை மணி குறைச்சுத் திறப்பேன்."

"சரி."

அவரே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தார். "இன்னிக்கு மட்டம்?"

"ஒண்ணே கால் அடி. எழுதியாச்சு."

"கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கே."

"ஞாயித்துக்கிழமை ஆர்விட் போடுவான்."

"ஆர்விட்டா இங்க நின்னு சக்கரத்தை அடிச்சான்?" பெட்டியில் நூலில் கட்டியிருந்த பென்சிலை நீட்டினார். "போடு. கூட்டத்துல நான் பேசிக்கறேன்."

இதையெல்லாம் அவள் அன்று என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நோட்டு என் மேசைக்கு வந்தது. அவள் காபி ஊற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் பேனாவைத் திறந்து, திங்கள், செவ்வாய், புதன் கட்டங்களில் என் பெயரைப் போட்டேன். அடுத்த கட்டத்துக்குப் போன பேனா நின்றது. அங்கே இடமில்லை. மூன்று விரல் பிடித்த பென்சிலின் சாய்ந்த எழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே வழிந்து, ஒரு பெயர் இருந்தது: லவான் எம். ப்ரெக்கி. தேதி, வியாழன், 2013 மே 9.