முகம் போன சீமாட்டி

வெஸ்ட்மவுண்டில் ஒரு பெரிய வீடு. இரண்டு குளியலறைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் நின்று செய்யலாம். எனக்கு அது போதும்.

ஆனால் முதலில் பரீட்சை. கணப்பு அடுப்பைச் சுற்றியிருந்த பழைய டைல்களில் ஐந்து கழன்றிருந்தன. அவற்றைப் பதித்துக் காட்டினால்தான் குளியலறை.

வெள்ளீய மெருகு பூசிய டைல்கள். மேலே கறுப்புக் கோட்டில் படம். இங்கிலாந்தில் செய்து இருநூற்றைம்பது வருடமாம். "ஒவ்வொன்றும் கையால் வரைந்தது" என்றார் வீட்டுக்கார மடாம், நெஞ்சில் கை வைத்து. நானும் தலையாட்டினேன். இரண்டு டைலில் ஒரே சீமாட்டி, ஒரே மூக்கு, குடைக்கம்பியில் ஒரே இடத்தில் ஒரே கீறல். நல்ல பழகின கை.

என்னோடு வேலை செய்பவன் மனைவியின் தம்பி. அவனிடம் சொன்னேன்.

"இது அச்சடா. கடதாசியில அடிச்சு ஒத்தியிருக்கிறாங்கள்."

"அப்ப ஏன் அத்தான் பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிறியள்?"

பதித்தோம். மறுநாள் நான் சாமான் எடுக்க வெளியே நின்ற எங்கள் வானுக்குப் போய் வருவதற்குள் அவன் அசிட் போட்டு, கம்பித் தும்பால் உரஞ்சிவிட்டான். பதித்தால் சாந்துக் கறை போகக் கழுவவேண்டும். பழக்கியவன் நான்தான். படம் மெருகுக்கு மேலே சுட்டது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு சீமாட்டிக்கு முகம் இல்லை.

"நல்லா உரஞ்சினியோ?"

"ஓம் அத்தான். பளிச்செண்டு வந்திட்டுது."

"மூக்கும் வந்திட்டுது."

"அச்சுத்தானே, இன்னொண்டு அடிப்பிப்பம்."

"ஓம். இருநூற்றைம்பது வருசமாக் கடையைத் திறந்து வச்சுக்கொண்டு உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

மடாம் வந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இது வெறும் அச்சு, கை வேலை இல்லை என்று ஆறுதலும் சொன்னேன். கீறலையும் காட்டினேன். முகம் போனதைவிட அச்சு என்றதுதான் அவரைச் சுட்டது. விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அச்சுத்தான் என்றார். எனக்கு மூச்சு வந்தது. டைலில் அச்சடிக்கத் தொடங்கிய காலத்து அச்சு, அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு என்றார். மூச்சு திரும்பிப் போனது.

மடாம் எங்களுக்கு 'மெர்சி' என்று நன்றி சொன்னார். மரியாதையான மனுசி. குளியலறை வேறு ஆட்களுக்குப் போனது.

இப்போது செயின்ட்-மிஷேலில் ஒரு கடைக்கு நிலத்தில் டைல்ஸ் பதிக்கிறோம். கதவு இன்னும் போடவில்லை. பனி முழங்கால்வரை வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறது.

"வீட்டுக்குள்ள வேலை எண்டு சொன்னியள்" என்றான்.

"கூரை இருக்குத்தானே" என்றேன்.