நோர்வூட்டுக்கு மேலே, என் பெயர் எழுதிய கல்

அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்களா இல்லையா என்று கேட்டு வரத்தான் இந்தப் பயணம். இறுதிப் போரில், வன்னியில் ஓடிய கூட்டத்தில் அவர்களைத் தவறவிட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. உயிரோடு இருந்தால் அப்பா போகக்கூடிய ஒரே இடம், அவர் பிறந்த தேயிலைத் தோட்டம். அங்கே அவருடைய தங்கை மாரியாயி அத்தை இருந்தார். தோட்டத்தின் பெயர்தான் எனக்குத் தெரியாது. சென்ற மாதம் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவரைத் தற்செயலாகக் கண்டேன், அவர் சொன்னார். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

வவுனியாவில் காலை ஐந்து மணி பஸ். கண்டிக்குப் பத்து மணி, அங்கிருந்து ஹட்டனுக்கு ஒரு மணி. பஸ் மாறி நோர்வூட்டில் இறங்கும்போது இரண்டாகிவிட்டது. பஸ்ஸுக்கு மட்டும் 1,150 ரூபாய். இட்லி கட்டிக்கொண்டு போனதால் சாப்பாட்டுச் செலவில்லை.

தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 600 ரூபாய் பேசினேன். யார் வீட்டுக்கு என்று டிரைவர் கேட்டார். மாரியாயியின் அண்ணன் மகள் என்றதும் ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அந்தக் குடும்பமே சண்டையில போயிருச்சுங்களே."

"நான் இருக்கேனே."

கண்ணாடியில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்கக்கா. ஒங்க கருமாதிச் சோறு நானும் சாப்புட்டேன்."

வழியில் தோட்டத்து மயானத்தில் இறக்கிக் காட்டினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு சிமெந்துக் கல். அப்பா பெயர், அம்மா பெயர், அதற்குக் கீழே பார்வதி. பார்வதி நான்தான். கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்று தோன்றியது: என் பெயர் பிழையென்றால், மற்ற இரண்டும் பிழையாக இருக்கலாமே? அந்த நம்பிக்கையோடுதான் அத்தை குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனேன்.

அத்தைக்கு எழுபது வயதிருக்கும். நான் யாரென்று டிரைவர் சொன்னதும், "உள்ள வராத, அங்கேயே நில்லு" என்றார். துரத்துகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்து தலையில் ஊற்றினார். கருமாதி முடித்த ஆள் திரும்பி வந்தால் மறுபடி பெயர் வைத்துத்தான் வாசல்படி ஏற்ற வேண்டுமாம். பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல என் காதில் மூன்று தடவை பார்வதி என்றார். அதன்பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதார்.

உடம்புகள் இல்லாததால் மூன்று புதுத்துணிகளைப் புதைத்தார்களாம். எனக்காக வைத்தது ஒரு சின்னக் கவுன். அத்தை கடைசியாக என்னைப் பார்த்தபோது எனக்கு ஆறு வயது.

"யார் சொன்னாங்க அத்தை?"

"நம்ம லயத்துலருந்து வன்னிக்குப் போன ராமையா. ஒங்கப்பன் ஆத்தா ரெண்டு பேருக்கும் அவந்தான் தன் கையால மண்ணு போட்டான்."

"என்னைப் பாத்தாரா?"

"பாக்கலயாம். புள்ளய மட்டும் தனியா விட்டிருப்பாங்களான்னு நாங்கதான் ஒன்னயும் சேத்துட்டோம்."

ராமையாவும் இப்போது இல்லை. மறுநாள் காலை கொத்தனாரைக் கூப்பிட்டு என் பெயரை மட்டும் கொத்தி எடுக்கச் செய்தார் அத்தை.

உறவுகளைத் தேடி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மயானத்துப் பாதையில் அட்டைக்கடி அதிகம், காலில் தேய்த்துக்கொள்ளச் சவர்க்காரம் கொண்டுபோங்கள். மாலையில் நோர்வூட்டுக்கு இறங்க ஆட்டோ கிடைப்பது கடினம்; வரும்போதே பேசி வையுங்கள். முடிந்தால் நீங்கள் உயிரோடு இருப்பதை யாரிடமாவது முன்னதாகச் சொல்லியனுப்புங்கள். வயதானவர்களின் நெஞ்சு தாங்க வேண்டுமே.

போன வெள்ளிக்கிழமை எங்கள் கோவிலில் அர்ச்சனைக்கு நின்றேன். இத்தனை வருடப் பழக்கத்தில், ஐயர் அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் தாமாகவே சொல்லத் தொடங்கினார். ஆயுள் வேண்டிச் செய்யும் அர்ச்சனை அது.

"வேண்டாம் ஐயா" என்றேன்.