போனாலும் மேடு, வந்தாலும் மேடு

லாரி ஷெட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த அந்தக் கறுப்பு ரப்பர் குழாயை நினைத்தால் இப்போதும் மூக்கில் டீசல் வாடை தட்டுகிறது. அக்கா அதை மூன்று நாள் சீயக்காய் போட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை. ஒரு முனையைக் குடத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். தண்ணீர் வாய்க்கு வந்ததும் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு, "சிரிக்காதடி. இந்த முனையப் பிடி" என்றாள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்குடியில் ஒரு குறுக்குத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். அக்கா ஒன்பதாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. எங்கள் தெரு முனையில் ஒரு குழாய் இருந்ததே தவிர அதில் தண்ணீர் வந்து நாங்கள் பார்த்ததில்லை. வேப்பமரத்துத் திருப்பத்தைத் தாண்டி அடுத்த தெருக் குழாய்க்குத்தான் எல்லாரும் போக வேண்டும். அந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் காலையில் எட்டுக் குடமும் அக்கா தலையில் விழுந்தது. வரிசையில் நின்று, சுமந்து, கொட்டிவிட்டு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் வகுப்பு முடிந்திருக்கும். முதல் வகுப்பு கணக்கு. அவளுக்குப் பிடித்த ஒரே பாடமும் அதுதான்.

ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "இந்த வருசத்தோட நிப்பாட்டிக்கிருவோம். ஒம்போதாப்பு போதும். வீட்டுக்குத் தண்ணி வேணுமுல்ல?" அம்மா கெட்டவள் இல்லை. அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ரசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அக்கா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, வழக்கம்போல் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் ஃபிட்டரைப் பிடித்துக்கொண்டாள். குழாய்களைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் காக்கி அரைக்கால் சட்டையோடு, நீண்ட இரும்புச் சாவியை சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு வாரம் இரண்டு தடவை வருவார். எங்கள் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று அக்கா கேட்டதற்கு, "ஒங்க தெரு மேடு, தாயி. மேட்டுக்கு எப்புடித் தண்ணி ஏறும்?" என்றார். எல்லாருக்கும் அவர் சொல்கிற பதில் அதுதான். திருப்பத்தில் பாதை மேடேறி இறங்குவதால் தெருவில் யாரும் அதைச் சந்தேகித்ததில்லை.

அக்கா சந்தேகித்தாள். திருப்பம் மேடுதான். ஆனால் அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குழாயும் மேட்டில்தான் இருக்கிறதா? கண்ணால் பார்த்து யார் சொல்ல முடியும்? தண்ணீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று பாடப் புத்தகத்தில் இருந்தது. அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் கேட்டு இரண்டு கண்ணாடிக் குழல்கள் வாங்கிவந்து, ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் செருகினாள். இரண்டு மூங்கில் குச்சிகளில் அங்குலக் கணக்கில் கோடு கீறினாள். ஒரு குச்சியை நான் பிடிக்க வேண்டும், ஒன்றை அவள். கண்ணாடியில் தண்ணீர் நிற்கிற இடத்தை இருவரும் குச்சியில் பார்த்துச் சொல்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தரையின் ஏற்றமோ இறக்கமோ. பிறகு அவள் நின்ற இடத்துக்கு நான் போவேன், அவள் குழாய் நீளத்துக்கு முன்னால் போவாள்.

ஒரு சனிக்கிழமை அடுத்த தெருக் குழாயில் தொடங்கினோம். எங்கள் தெருக் குழாயை அடைய முப்பத்திரண்டு தடவை நகர்ந்தோம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எங்கள் குழாயடி இருபத்தோரு அங்குலம் உயரம். ஃபிட்டர் சொன்னது சரி.

நான் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன். அக்கா சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கணக்குப் போட்டா சரிபாக்கணும்ல. திரும்பி அளந்துக்கிட்டே போவம், வா" என்றாள். எனக்குப் பசி. முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால் மறுபடியும் முப்பத்திரண்டு தடவை நகர்ந்தேன். போகும்போது ஏற்றம் என்றால் வரும்போது இறக்கமாக இருக்க வேண்டும். ஆனால் நாற்பத்து மூன்று அங்குலம் ஏற்றம் என்று வந்தது.

அக்கா தெருவென்றும் பாராமல் சிரித்துவிட்டாள். "போனாலும் மேடு, வந்தாலும் மேடு. அப்புடி ஒரு தெரு எங்கனடி இருக்கு?"

இரண்டு கண்ணாடிக் குழல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே இடத்தில் நிற்கும்போதுகூட ஒன்றில் தண்ணீர் மற்றதைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது. குழாயைத் தோளில் போட்டு விரலால் நெடுக அழுத்திக்கொண்டே வந்தாள். 'குபுக்' என்று ஒரு காற்றுக் குமிழி வெளியேறியது. கறுப்புக் குழாய்க்குள் அது ஒளிந்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் அங்குலம் பொய் சொல்லியிருக்கிறது. இப்போது இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தோம். எங்கள் குழாயடி பதினோரு அங்குலம் பள்ளம். திரும்பி அளந்தோம். அதே பதினொன்று.

ஃபிட்டர் வந்தபோது அக்கா நோட்டை நீட்டினாள். அவர் பார்க்காமலே சிரித்தார். "அண்ணே, நீங்களே ஒருக்கா பிடிச்சுப் பாக்குறீகளா?" என்று குச்சியைக் கொடுத்தாள். விளையாட்டாகத்தான் வாங்கினார். நாலைந்து நகர்த்தலுக்குப் பிறகு அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா சொல்வதற்கு முன்பே எண்ணை அவர் சொல்லத் தொடங்கினார். முடிந்ததும் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

"பள்ளம்னா வந்திருக்கணுமே" என்றார், தனக்குத்தானே.

அப்புறம் எழுந்து, பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கித் திருப்பத்து மண்ணை அங்குமிங்கும் குத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'ணங்' என்று சத்தம் கேட்டது. தோண்டினால், ஒரு முழ ஆழத்தில் இரும்பு மூடி இருந்தது. அதன் கீழே ஒரு வால்வு, முழுக்க மூடியபடி. எப்போதோ ஏதோ வேலைக்காக மூடியது, பாதையை மேடாக்கியபோது புதைந்து போயிருக்கிறது. "ஆறு வருசமா இங்குட்டுப் போறேன், வாரேன். இப்புடி ஒண்ணு கெடக்குறது எனக்கே தெரியாது, தாயி" என்று சொல்லி, நீண்ட சாவியைப் போட்டு இரண்டு கையாலும் திருகினார்.

எங்கள் குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் துரு வந்தது. அதன்பின் தண்ணீர். தெருவே குடத்தோடு ஓடிவந்தது. அம்மா வாசலில் நின்றபடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஃபிட்டர் கூட்டத்தைப் பார்த்து, "மொதக் கொடம் இந்தப் புள்ளைக்கு விடுங்க" என்று அதட்டினார்.

படிப்பை நிறுத்துவதைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு பேசவே இல்லை. அடுத்த நாள் காலை எட்டுக் குடமும் நிறைந்து, தலைவாரிப் பின்னலும் போட்ட பிறகு, பள்ளி மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணியை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா பையைத் தோளில் மாட்டியபடி கூடத்தில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். தொலைபேசி நிலையத்தில் வேலைக்குப் போனாள், ஓய்வும் பெற்றுவிட்டாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். பள்ளம் என்றுதான் வரும் என்று அவளுக்கு முன்பே தெரியுமா?

"எனக்கென்ன தெரியும்? சரிபாத்த பெறகும் மேடுன்னு வந்திருந்தா மேடுன்னுதான் எடுத்துக்கிட்டிருப்பேன். பள்ளிக்கூடத்த விட்டுட்டுத் தண்ணியும் தூக்கியிருப்பேன். ஆனா அளந்து பாக்காம விட்டிருந்தா, தூக்குற ஒவ்வொரு கொடத்துக்கும் அது என்னைய அரிச்சுக்கிட்டேல்ல இருந்திருக்கும்?"

மாடியில் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. "ஐயையோ, தண்ணி போகுதுடி!" என்று எழுந்தவள், முழங்கால் வலியையும் மறந்து மோட்டாரை நிறுத்த ஓடினாள்.