நாற்பத்திரண்டாவது நாற்காலி

செத்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்றால் நாற்காலி மட்டும் ஏன் நாற்பத்திரண்டு? போன வருடம், நினைவு நாளுக்கு முந்தின மதியம், மருந்துக்கடைக்காரர் என்னிடம் இதைக் கேட்டார். "நான் எண்ணினதுல தப்பு இருக்கும் சார்" என்று மழுப்பிவிட்டேன்.

கேட்டது எங்கள் ஊர் மண்டபத்தில். அதன் சாவி என் அத்தையிடம் இருக்கிறது. அப்பாவின் அக்கா. மண்டபத்துக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். ஊரில் அவளைச் 'சாவியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டுவது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, எரியாத விளக்கை மாற்றுவது எல்லாம் அவள் வேலை. வயது அறுபத்தொன்பது. பத்தொன்பது வயதில் அவள் விடுதலைப் படையில் இருந்தாள், துப்பாக்கி பிடித்தாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவளும் அதைப் பற்றிப் பேச மாட்டாள். அவளிடம் ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு விளங்காமல் இருந்தது. தெருவில் யாராவது சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தால், கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். இன்னொரு தடவை அடித்தால்தான் துடைப்பம் நகரும். அடிக்காமல் போய்விட்டால் வெகுநேரம் அப்படியே நிற்பாள்.

நினைவு நாளில் எங்கள் ஊரில் பேச்சு, ஊர்வலம் எதுவும் கிடையாது. போரில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இரும்பு மடக்கு நாற்காலியை விரித்து வைப்போம். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, அந்த வீட்டு ஆள் வந்து நாற்காலியை மடக்குவார். டப் என்று சத்தம் கேட்கும். துப்பாக்கிச் சத்தம் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். சின்ன வயதில் காதைப் பொத்திக்கொள்வேன்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, நினைவுக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். கூடவே நாற்காலிகளைச் சரிபார்க்கிற வேலையும் வந்தது. அதற்காக அன்று அத்தையிடமிருந்து மண்டபச் சாவியை வாங்கி வைத்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் கேட்ட பிறகு மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டுதான். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் தனியாக, மேடையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி இருந்தது. அதை மடக்கிப் பின் அறையில் சாத்திவிட்டு, மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அது பழைய இடத்தில் விரிந்திருந்தது. சன்னல் வெயில் அந்தப் பக்கம் விழுவதில்லை. உட்காரும் பலகையைத் தொட்டேன். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

அத்தை கடையிலிருந்து பையோடு வந்தாள்.

"அத்தை, இந்த நாற்காலிய நீங்க திரும்பப் போட்டீங்களா?"

"நான் இப்பத்தானே வர்றேன். சாவி உன் கையிலதானே இருக்கு."

"அப்ப யாரு போட்டா?"

"நீ எதுக்கு அத எடுத்த?" என்றாள். கோபமில்லை. "எடுத்தா இப்படித்தான். நானும் ஆரம்பத்துல எடுத்துப் பார்த்திருக்கேன்."

பையோடு தன் அறைக்குப் போய்விட்டாள்.

நான்கு மணிக்குக் குழு பக்கத்து அறையில் கூடியது. ஏழு பேர். தலைவரை எல்லாரும் கமாண்டர் என்பார்கள். அத்தை இருந்த படைப்பிரிவுக்கு அவர்தான் தலைமை. சுதந்திரம் வந்து ஐம்பது வருடம் ஆவதால் கல்லில் நிரந்தர நினைவுச் சின்னம் வைக்க அனுமதி வந்திருந்தது. எப்படி வைப்பது என்பதில்தான் மூன்று மாதமாகச் சண்டை.

"பன்னிரண்டடி உயரத்துல ஒரு வீரன், கையில துப்பாக்கி. கீழ முன்பக்கம் செத்த நாப்பத்தோரு பேர், பின்பக்கம் உயிரோட திரும்பின போராளிங்க பேர். இதுல பேச என்ன இருக்கு?" என்றார் கமாண்டர்.

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல வைக்கிறோம். பிள்ளைங்க தினமும் துப்பாக்கிக்குக் கீழதான் நடந்து போகணுமா?"

"பின்ன, கையில இருமல் மருந்தக் குடுத்து நிறுத்திடலாமா? உங்க கடைக்கும் விளம்பரம் ஆச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: "சுட்டத மறைக்கச் சொல்லல. அத மட்டும் காட்டாதீங்கன்னு சொல்றேன்."

"கெஞ்சி வாங்கினதில்ல தம்பி இந்த நாடு."

"நாற்காலி மடக்கறது என்ன ஆகும்?" என்று கேட்டார் அச்சகம் வைத்திருக்கும் அம்மா.

"கல்லு வந்தப்புறம் நாற்காலி எதுக்கு? இதோட சரி" என்றார் கமாண்டர்.

அத்தை தேநீர்த் தட்டோடு உள்ளே வந்திருந்தாள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"கல்லுல கடைசியா ஒரு வரி இடம் விடணும்" என்றாள்.

"யாருக்கு?"

"பாலத்துல நான் சுட்ட ஆளுக்கு."

நான் எழுதுவதை நிறுத்தினேன். அத்தை என் பக்கம் திரும்பி, "எழுது" என்றாள்.

அவள் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். போரின் கடைசி மாதம். ஆற்றுப் பாலத்தின் இந்த முனையில் அவள் காவல். விடிகிற நேரம், பனி மூட்டம், பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. சைக்கிளில் வருகிற நம் ஆள் பாலத்தின் நடுவில் இரண்டு தடவை மணி அடிக்க வேண்டும். அதுதான் அன்றைய அடையாளம்; அக்கரை ஊர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடிக்காதவரைச் சுட வேண்டும் என்பது கட்டளை. ஒரு மணிச் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள். இரண்டாவது கேட்கவில்லை. சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கிட்டே வந்தது. சுட்டாள்.

"போய்ப் பார்த்தேன். அவன் கட்டைவிரல் மணியோட நெம்புகோல்மேலதான் இருந்துச்சு. நானும் அழுத்திப் பார்த்தேன். ஒரு தடவ அடிச்சதும் அது உள்ள சிக்கிக்கிச்சு, எழும்பல. அவன் ரெண்டாவது தடவ அழுத்தியிருக்கான்."

"அவன் ஒற்றன். அன்னிக்கே நோட்டுல எழுதியாச்சு" என்றார் கமாண்டர்.

"எழுதினது நீங்க. அவன் பையப் பார்த்தது நான். அளவு நாடா, துணியில கோடு போடற சுண்ணாம்புக்கட்டி, ஒரு துண்டுச் சீட்டு. தோள் பதினாறு, கை இருபத்திரண்டு, நீளம் இருபத்தெட்டு. ஒற்றன் யாருக்குங்க சட்டை தைக்கப் போறான்?"

கமாண்டர் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவன் பேரு முன்னால ஏறினா, பின்பக்கம் போராளிங்க வரிசையில உன் பேரு இருக்க முடியாது. ரெண்டையும் ஒரே கல்லுல வெட்ட முடியாதும்மா."

"என் பேர எடுத்துடுங்க."

"சரி, எடுத்துட்டேன். அவன் பேரு என்ன, சொல்லு."

அத்தைக்கு அது தெரியாது. ஐம்பது வருடமாக யாரும் அவனைத் தேடி வரவில்லை.

அப்போது மண்டபத்துக்குள் டப் என்று ஒரு நாற்காலி மடங்கியது.

மண்டபம் பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நானும் மருந்துக்கடைக்காரரும்தான் போய்த் திறந்தோம். நாற்பத்தொரு நாற்காலிகள் விரிந்தபடி இருந்தன. தனி நாற்காலி மடங்கித் தரையில் கிடந்தது. "கீல் தளர்ந்திருக்கும்" என்றார் அவர். நான் குனிந்து விரித்துப் பார்த்தேன். கீல் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் பலமாக இழுத்தால்தான் விரிந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது கமாண்டரின் தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லி எண்ணிவிட்டு, முடிவை என்னை எழுதச் சொன்னார். துப்பாக்கியோடு சிலை, ஆதரவு ஐந்து, எதிர்ப்பு இரண்டு. பெயர்களுக்குக் கீழே ஒரு வரி காலியாக விடப்படும். அடுத்த நினைவு நாளுக்குள் பெயர் கிடைத்தால் வெட்டலாம். கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் பூவேலை வந்துவிடும். எழுதி முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மணின்னு முடிவு பண்ணது நான். வர்றவனோட மணி ஒழுங்கா வேலை செய்யுமான்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

சிலை வந்துவிட்டது. பின்பக்கத்தில் அத்தையின் பெயர் இல்லை. அவள் வழக்கம்போல மண்டபத்தைக் கூட்டுகிறாள். வாரம் ஒரு நாள் நானும் அவளும் பேருந்து ஏறி, பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள ஊர்களில் இறங்கித் தையல் கடை தையல் கடையாகக் கேட்கிறோம். வயதானவர்கள், அத்தை இத்தனை வருடமாக வைத்திருக்கும் அந்த அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்து, "ஒல்லியான ஆளோட அளவு, பதினாலு பதினஞ்சு வயசுப் பையனா இருக்கலாம்" என்கிறார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடையில் அத்தை கேள்வியை முடிப்பதற்குள் வெளியே சைக்கிள் மணி ஒரு தடவை அடித்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கடைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் எட்டிப் பார்த்தேன். சைக்கிள் எதுவும் இல்லை.

கெடு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எனக்கு அழகாக எழுதத் தெரியாது. புரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஐம்பது வருடத்துக்கு முன்னால், ஒரு பனிக்காலத்து விடியலில், அளவு நாடாவோடு சைக்கிளில் கிளம்பிப் போய்த் திரும்பி வராத தையல்காரர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருக்கலாம். சொன்ன சட்டை வராமலே போன பையன் இன்று உங்கள் வீட்டுப் பெரியவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இதைப் படித்ததும் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள், அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த மனிதரின் பெயர் மட்டும் போதும்.