செவலையின் மடித்துணி

மாட்டு வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறப்பதில்லை. வீட்டுக்காரர்கள் அதற்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். மாட்டுக்குப் பின்னால் நின்று உதை வாங்கிப் பிழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா? ராயபுரத்தில் மாட்டு டாக்டராக இருந்தபோது ஒரே ஒரு பசுவிடம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காளை மேல் பழி

சவரியம்மாள் வீடு வீடாகப் பால் ஊற்றுபவள். அவளுடைய செவலைப் பசு கன்று போட்டு வெகுநாளாகியும் மறுபடி சினை பிடிக்கவில்லை. புருஷன் சூசை ஹார்பரில் மூட்டை தூக்குபவன். இனியும் சினை நிற்காவிட்டால் புளியந்தோப்புக் கசாப்புக்காரரிடம் ஓட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டான்.

நான் போய்ப் பார்த்தேன். கருப்பையில் குறை தெரியவில்லை. மடியைப் பழம்புடவைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். கன்று குடித்துவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆகவே பழி காளை மேல் விழுந்தது. செவலையை இணைசேர்க்க ஓட்டிப்போன திருவொற்றியூர்க் காளைக்காரரிடம் பக்குவமாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "என் காளை வேலைய முடிச்சிட்டுத்தான் வைக்கோலு கேக்குது. உன் பசுவுக்கு இன்னா கீதுன்னு போய்ப் பாரு."

துணிக்குள்ளே

போய்ப் பார்த்தேன். செவலை பின்னங்கால்களை அகட்டி நின்றது. துணியை அவிழ்க்கப் போனால் சவரியம்மாள் குறுக்கே வந்தாள். மல்லுக்கட்டித்தான் அவிழ்த்தேன். மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகிச் சுட்டது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக வந்தது. மடிநோய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதைப் போய் மறைப்பாயா என்றேன். அவள் என்னையே குற்றவாளியாக்கினாள்: "ஏற்கெனவே எவ கண்ணோ பட்டு வீங்கிக்கீது. நீ பாக்குறதெல்லாம் சீக்கு மாடு நைனா, அந்தக் கண்ணும் படக்கூடாதுன்னுதான் கட்டி வெச்சேன்."

பல்வலி

மடியில் நோய் இருக்கும்வரை சினை நிற்பது கஷ்டம், ஆறட்டும், அதுவரை காளையும் வேண்டாம் கசாப்பும் வேண்டாம் என்று சூசையிடம் கெஞ்சினேன். "மடி வேற, கர்ப்பம் வேற. பல்லு வலிச்சா கால்ல கட்டு போடுவியா டாக்டரு?" என்றான். சவரியம்மாள் முந்திக்கொண்டாள்: "போன வாரம் பல்லு வலின்னு மூட்ட தூக்கப் போவாம படுத்துக்கினு கெடந்தியே, அப்போ காலு நல்லாத்தானே இருந்துச்சு?"

அதே துணி

சூசை அதன்பிறகு கசாப்புப் பேச்சை எடுக்கவில்லை. அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், கெட்ட பாலை அடிக்கடி பீய்ச்சிக் கொட்டினாள், கை கழுவிவிட்டுக் கறந்தாள். மடி இளகியது. நன்றாக ஆறிய பிறகே காளைக்கு ஓட்டிப்போனாள்.

சினை நின்றதா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாள். பயந்துகொண்டே போனேன். இப்போதும் இல்லையென்றால் சூசையை நான் எப்படித் தடுப்பேன்? செவலையின் மடியில் துணியைக் காணோம். துவைத்து மடித்த அதே துணியை அவள் என்னிடம் நீட்டினாள். வயிற்றுக் கன்று மேல் என் கண் படக்கூடாதாம்; கையால்தானே பார்க்கப் போகிறேன், கண் எதற்காம். நியாயம்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விட்டேன். விரலில் சினை தட்டுப்பட்டது. சந்தோஷம் தாங்காமல் "சினைதான், சினைதான்" என்று கத்திவிட்டேன். சவரியம்மாள் சொன்னாள்: "மெதுவா சொல்லு நைனா, வாய்க்குக் கட்ட வேற துணி இல்ல."

கண்ணைத் திறந்துகொண்டு செய்த வைத்தியத்துக்கெல்லாம் ஏச்சு வாங்கிய எனக்கு, கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த இந்த ஒன்றுக்குத்தான் வீடு தேடிச் சீம்பால் வந்தது.