படத்தின் வலது ஓரம்

புனேயில் ஸ்கூட்டர் ஓட்டாதவன் பாதி மனிதன் என்று நானே பலரிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதனால் நாற்பத்தாறாவது வயதில், கேம்ப் ஏரியாவில் ஒரு கண் டாக்டர் இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்றபோது, அதை யாரிடமும் சொல்லாமல் அதே வண்டியில் வானவடியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன்.

சோதனை எளிதுதான். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரங்களில் வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்கு மினுக்கவே இல்லை. சும்மா இருந்தால் ஃபெயிலாகிவிடுவோமே என்று குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினேன். மெஷின் அதையும் குறித்து வைத்துவிட்டது. ஓரப் பார்வை போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

அடுத்த ஒரு மாதம் நான் வீரன். குருடாகப் பழகுகிறேன் என்று கண்ணை மூடிக் குளித்துச் சோப்புப் பெட்டியை உடைத்தேன். சொட்டு மருந்து, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வந்த எரிச்சலுக்கு என்று மனைவியிடம் புளுகினேன். வண்டிச் சாவி மட்டும் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பின் கண்காட்சியை கேம்பில் ஒரு ஹாலில் வைத்தார்கள். அவளுடைய படம் ஐந்தடி அகலம், எங்கள் வீட்டு பால்கனி. கூட்டத்தில் யாரையாவது இடித்து மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில் படத்தை ஒட்டியே நின்றேன். அங்கிருந்து எனக்குத் தெரிவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. அந்தத் தட்டுக்குள் இருந்த துளசித் தொட்டியை, கம்பியில் காய்ந்த துண்டை, டம்ளரின் நிழலை ஐந்து நிமிடம் புகழ்ந்தேன்.

"வேற ஒண்ணும் தெரியலீங்களா?" என்றாள்.

பரீட்சை என்று நினைத்து, துண்டின் மடிப்பை இன்னொரு முறை புகழ்ந்தேன்.

"வலது ஓரத்துல நீங்க உக்காந்திருக்கீங்க."

தலையைத் திருப்பினேன். பேப்பர் படித்துக்கொண்டு, தொந்தியும் பனியனுமாக, ஆளுயரத்துக்கு நான்.

"யாரோ நல்லா இருக்கிறவர்னு நெனச்சேன் அம்மிணி."

அவள் சிரிக்கவில்லை. என் காதோரத்தில் கையை வைத்து மெல்ல முன்னால் கொண்டுவந்து, எப்போது தெரிகிறது என்று சொல்லச் சொன்னாள். கை கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் சொன்னேன். பிறகு டாக்டர், கிண்ணம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, பின்னால் நடக்கச் சொன்னாள். வாசல்வரை போனபிறகு பால்கனி முழுதாக என் குழாய்ப் பார்வைக்குள் வந்தது, தபால்தலை மாதிரி. துளசியும் நானும் ஒரே படத்தில் இருந்தோம். ஆனால் டம்ளரின் நிழல் காணாமல் போயிருந்தது.

இன்றும் நான் ஓவியம் பார்ப்பது அப்படித்தான். முதலில் தூரத்தில் நின்று தபால்தலை. பிறகு கிட்டே போய், சட்டத்தைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, சுவருக்கு வெள்ளையடிப்பவன் மாதிரி பட்டை பட்டையாக உள்ளே. கீழ்மூலைக்கு வரும்போது மேல்மூலை வெறும் ஞாபகமாகிவிட்டிருக்கும். மற்றவர்கள் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்வதை நான் தைத்துச் சேர்க்கிறேன். தையல் சில சமயம் கோணலாகிவிடும், ஓவியரிடம் சொல்வதில்லை.

அன்று ஹால் வாசலில் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"உன் மொபெட் மாதிரி இல்லம்மா, இது கனமான வண்டி."

"ஒரு மாசமா கண்ணு தெரியாம ஓட்டியிருக்கீங்க. நான் கண்ணத் தொறந்துட்டு ஓட்டுறேன், குடுங்க."

கொடுத்தேன். ஸ்கார்ஃபைக் கொள்ளைக்காரி மாதிரி முகத்தில் சுற்றிக்கொண்டு கிளப்பினாள். பின் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு ரோட்டைப் பார்க்கும் வேலை இல்லை. இடதுபக்கம் தலையைத் திருப்பினேன். கடைகள், ஒரு சர்ச், மறுபடி கடைகள். சிக்னல் வந்ததும் தலை வலதுபக்கம், மிச்சப் பாதிக்கு.